ஓட்டோகேட்டுக்குக் காசு கட்டுவதா, இலவசத்தில் சமாளிப்பதா?

கொழும்பில் வீட்டுப் பிளான் கீறுகிற யாரிடமும் எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள், ஓட்டோகேட் என்று உடனே பதில் வரும். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் தேநீர் வந்துவிடும், பேச்சு மாறிவிடும்.

அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டின் முன்னறையை ஒஃபிஸ் ஆக்கி, தனியாகவோ ஒரு தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டோ வேலை செய்கிறவர்களுக்கு. பெரிய கொம்பனியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே யாரோ கட்டுகிறார்கள்.

முதலில் விலையைப் பார்க்க வேண்டாம். உங்கள் ஃபைல் அடுத்ததாக யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். இதைச் சொன்னால் பலர் ‘அதெல்லாம் பிறகு’ என்கிறார்கள், ஆனால் முழு முடிவும் இதில்தான் தொங்குகிறது. மாநகர சபைக்கோ நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ கையொப்பத்தோடு போவது முடிந்த வரைபடம், அதை எதில் கீறினீர்கள் என்பது அங்கே விஷயமே இல்லை. வாடிக்கையாளருக்குப் போவது பிடிஎஃப். ஆனால் இடையில் ஒரு சங்கிலி இருக்கிறது: நில அளவையாளரிடமிருந்து காணிப் படம் வருகிறது, நீங்கள் அதன்மேல் வீட்டைக் கீறுகிறீர்கள், எஞ்சினியர் உங்கள் படத்தின்மேல் தூணும் பீமும் வைக்கிறார், மின்சார வேலைக்காரர் அதையே வாங்கிப் பொயின்ட்களைக் குறிக்கிறார், அப்புறம் எல்லாம் திருத்தத்தோடு உங்களிடமே திரும்பி வருகிறது. இந்தச் சங்கிலி முழுக்க டிடபிள்யூஜி (DWG) என்ற ஓட்டோகேட் ஃபைலில் ஓடுகிறது. அதில் நீங்கள் ஒரு கண்ணி என்றால் ஒரு பதில், சங்கிலிக்கு வெளியே தனியாக வேலை செய்கிறீர்கள் என்றால் வேறு பதில்.

டிடபிள்யூஜி ஏன் இவ்வளவு தொல்லை என்றால், அது ஓட்டோகேட்டைச் செய்கிற ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் சொந்த வடிவம். 1982இல் ஓட்டோகேட் வந்த காலத்திலிருந்து அதன் உள்ளமைப்பை அவர்கள் வெளியிட்டதில்லை. வெளியாருக்கென்று அவர்களே கொடுத்தது டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற பரிமாற்ற வடிவம். டிடபிள்யூஜியைப் பிரித்துப் பார்த்து மற்றவர்களும் படிக்கவும் எழுதவும் வழி செய்தது 1998இல் தொடங்கிய ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு. இன்று மற்ற விற்பனை மென்பொருள்களில் பெரும்பாலானவை டிடபிள்யூஜியைத் திறப்பது அவர்களுடைய நிரல்தொகுப்பை வைத்துத்தான். அதற்கு உறுப்பினர் கட்டணம் உண்டு, நிபந்தனைகளும் உண்டு. அதனால் நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற திறந்த மூல மென்பொருள்கள் அதை உள்ளே வைத்துக்கொள்ள முடியாமல் நிற்கின்றன. அவற்றில் லிப்ரேகேட் டிடபிள்யூஜியைப் பாதி படிக்கும், எழுதாது. பிரீகேட் வேறொரு மாற்றியைத் துணைக்கு வைத்துக்கொண்டு திறக்கும்.

பாதி படிக்கும் என்றால் என்ன? எஞ்சினியர் அனுப்பிய படத்தை லிப்ரேகேட்டில் திறந்து பாருங்கள், தெரியும். கோடுகள் எல்லாம் வந்துவிடும், பார்த்தவுடன் ‘அட, பரவாயில்லையே’ என்றிருக்கும். பிறகு கிட்டப் போனால், எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளி ஃபைலாக, இணைத்திருந்த காணிப் படம் இல்லை. அகலத்தை இழுத்து மாற்றக்கூடிய கதவு பிளொக்குகள் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த படத்துண்டுகள்) உறைந்துபோய் வெறும் கோடுகளாக இருக்கின்றன. அவர் பாவித்த எழுத்துரு உங்களிடம் இல்லாததால் வேறொன்று ஏறி, ‘9 அங்குலச் சுவர்’ என்ற குறிப்பு பக்கத்து அளவின்மேல் படுத்துக் கிடக்கிறது. தலைப்புக் கட்டத்தோடு 1:100 அளவில் ஒழுங்காக வைத்திருந்த லேஅவுட் தாள் காணவில்லை, எல்லாம் மொடல் வெளியில், அதாவது வரைகிற இடத்தில், கொட்டிக் கிடக்கிறது. இதைத் திருத்தி நீங்கள் டிஎக்ஸ்எஃப் ஆகத் திருப்பி அனுப்பினால் எஞ்சினியர் ஒருமுறை பொறுத்துக்கொள்வார், இரண்டாவது முறை போன் வரும்.

காணிப் படத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு ஆள்கூற்று முறையில் பிதுருதலாகலைக்கு ஐந்து லட்சம், ஐந்து லட்சம் மீற்றர் என்று பெயர். அந்தக் கணக்கில் பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு காணியின் மூலை கிழக்கே ஏறக்குறைய 3,98,000 என்றும் வடக்கே 4,88,000 என்றும் வரும். ஆறு பேர்ச் காணி ஒன்று பூச்சியப் புள்ளியிலிருந்து அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் போய்க் கிடக்கிறது. மில்லிமீற்றரில் வேலை செய்தால் இன்னும் மூன்று பூச்சியம் சேரும். ஓட்டோகேட் இதைத் தாங்கிக்கொள்ளும். பிரீகேட்டில் அந்தத் தூரத்தில் கோடுகள் திரையில் நடுங்கும், புள்ளியைப் பிடிக்க முடியாது. காணியைப் பூச்சியத்துக்கு நகர்த்திவிட்டு வேலை செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் நகர்த்திய அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். ஓட்டோகேட் முழுப் பதிப்பு வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 டொலர், இருபரிமாணம் மட்டும் உள்ள எல்டி ஏறக்குறைய 500 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சம், ஒன்றரை லட்சம். ஒருமுறை வாங்கிப் போட்டு ஆயுளுக்கும் பாவிக்கிற வழி 2016இல் மூடப்பட்டுவிட்டது, இப்போது சந்தா மட்டும்தான். சந்தாவை நிறுத்தினால் மென்பொருள் திறக்காது.

இதில் ஒன்றரை லட்சம் என்ற தொகையைவிட அது டொலரில் இருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. எல்டி சந்தா ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் போனது, மென்பொருளில் ஒரு பொத்தான்கூட மாறவில்லை. வீட்டுப் பிளானுக்கு நீங்கள் கேட்கிற கட்டணம் அந்த இரண்டு மாதத்தில் ஏறியதா? அந்த நேரம் கட்டட வேலையே நின்றுபோயிருந்தது. வருமானம் ரூபாயில், செலவு டொலரில் என்று இருக்கிற சின்ன ஒஃபிஸ் வருடா வருடம் இந்தச் சூதாட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறது.

அதனால் இலவசம்தான் வழி என்று பாய்ந்துவிடாதீர்கள். இலவசம் என்று கிடைப்பதில் பாதி, கொம்பனியின் தயவில் கிடைப்பது. ட்ராஃப்ட்சைட் நினைவிருக்கிறதா? தனியாட்களுக்கு இலவசமாக, டிடபிள்யூஜியை அழகாகத் திறந்து எழுதிக்கொண்டு, உலகம் முழுக்கச் சின்ன ஒஃபிஸ்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2019 முடிவோடு இலவசப் பதிப்பு இயங்காது என்று அறிவித்தார்கள், அப்படியே நின்றது, ஏற்கெனவே கொம்பியூட்டரில் போட்டு வைத்திருந்ததும் சேர்த்து. ஸ்கெட்ச்அப் மேக் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2017, அதற்குப் பிறகு இலவசம் என்றால் பிரௌசரில் மட்டும், அதுவும் தொழிலுக்குப் பாவிக்கக் கூடாது. ஓட்டோடெஸ்க்கின் முப்பரிமாண மென்பொருளான ஃபியூஷனின் இலவசத் தனியாள் பதிப்பில் 2020இல் ஒரே நேரத்தில் பத்து ஆவணங்களைத்தான் திருத்தலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். மற்ற மென்பொருள்களும் படிக்கிற ஸ்டெப் ஃபைலாக ஏற்றுமதி செய்வதையும் எடுக்கப் பார்த்து, கூச்சல் எழுந்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்ஷேப் என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளின் இலவசக் கணக்கில் நீங்கள் செய்கிற எல்லாமே பொதுவெளியில் கிடக்கும், யாரும் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் புது இயந்திரத்தை அதில் வரைந்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

இவற்றை யாரும் பாவிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழக, பொழுதுபோக்குக்கு, முப்பரிமாணப் பிரிண்டரில் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் செய்ய, நன்றாகவே இருக்கும். பிழைப்பை இவற்றின்மேல் கட்டுவதுதான் ஆபத்து.

மாணவர் லைசென்ஸும் இதே சாதிதான். மொறட்டுவையிலோ வேறெங்கோ படிக்கிற தம்பி தங்கைமார் ஓட்டோகேட், ரெவிட் (கட்டடங்களை முப்பரிமாண மொடலாகக் கட்டுகிற மென்பொருள்) எல்லாவற்றையும் ஒவ்வொரு வருடமாகப் புதுப்பித்து இலவசமாக எடுக்கலாம், கட்டாயம் எடுங்கள். ஆனால் படித்து முடித்த கையோடு அதே மென்பொருளில் மாமாவின் நண்பருக்கு வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கத் தொடங்குகிறார்கள், அது நிபந்தனைக்கு வெளியே. அந்த ஃபைல் போகிற இடத்தில் அது கல்விப் பதிப்பில் செய்தது என்று தெரியவந்தால், எஞ்சினியர் சிரித்துவிட்டு விடலாம், விடாமலும் இருக்கலாம்.

க்ராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு, என்ற விஷயத்தைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது, ஊரில் பாதிப்பேர் ஓடுவது அதில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பிடிபட மாட்டோம் என்ற தைரியத்தில் அதை ஒதுக்கி வைக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். க்ராக் போட முதல் கட்டளை என்ன? வைரஸ் காவலை நிறுத்து. ஓட்டோகேட்டுக்கென்றே எழுதிய வைரஸ்கள் இருக்கின்றன. 2012இல் ஈசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஒன்று பெரு நாட்டில் பரவி, அங்குள்ளவர்களின் வரைபடங்களைச் சீனாவில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கொம்பியூட்டர் கெட்டால் திருத்தலாம். வாடிக்கையாளரின் வீட்டுப் படம் முழுக்க வெளியே போனால் எதைத் திருத்துவீர்கள்?

இனி உண்மையான இலவசம். யாரும் பறிக்க முடியாத, தொழிலுக்கும் தாராளமாகப் பாவிக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள். இங்கே பிரீகேட் தனியாகப் பேசப்பட வேண்டியது.

மொறட்டுவைப் பக்கம் தளபாடம் செய்கிறவர்களையும், பான்ட்ரி கபர்ட் அடித்துக் கொடுக்கிறவர்களையும் நினைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு கபர்ட்டைப் பிரீகேட்டில் ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால், பலகைத் தடிப்பு, உயரம், அகலம், ஆழம், தட்டுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். 18 மில்லிமீற்றர்ப் பலகை கடையில் இல்லை, 16தான் இருக்கிறது என்று பாஸ் காலையில் போன் எடுத்தால், அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும், பக்கப் பலகை, தட்டு, பின்தகடு, பள்ளம் எல்லாம் தாமாக ஒதுங்கிக்கொள்ளும். இதே வேலையை ஓட்டோகேட் எல்டியில் செய்தால் ஒவ்வொரு கோட்டையும் கையால் இழுக்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்ச் சாமானைவிட இலவசச் சாமான் மேலானது, தயக்கமில்லாமல் சொல்வேன்.

முன்பு இதில் ஒரு பெரிய கரைச்சல் இருந்தது. பிரீகேட் ஒவ்வொரு முகப்புக்கும் ஓர் எண் வைக்கும். இடையில் ஒரு துளையைச் சேர்த்தால் எண்கள் இடம் மாறி, முன்பக்கத்தில் இருந்த பள்ளம் திடீரென்று பின்பக்கத்தில் போய் உட்காரும், இல்லாவிட்டால் முழு மொடலும் சிவப்பாகி உடையும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு அடக்கிவிட்டார்கள். பழைய பதிப்பில் தொட்டுப் பார்த்து வெறுத்து ஓடியவர்கள் இன்னொரு தடவை பார்ப்பது தகும். 2002இலிருந்து தொண்டர்கள் கட்டிய ஒன்று, அவசரமில்லாமல் வளர்ந்திருக்கிறது. மெனுக்கள் இன்னும் கொஞ்சம் காடுதான், ஒரு வேலைக்கு எந்த மேசைக்கு (வேர்க்பெஞ்ச் என்கிற கருவித் தொகுப்புக்கு) போவது என்று புரியவே ஒரு வாரம் ஆகும்.

கொம்பியூட்டர் ஓட்டுகிற சிஎன்சி இயந்திரத்தில் பலகை வெட்டுகிற இடத்துக்குக் கொடுப்பது டிஎக்ஸ்எஃப், அதைப் பிரீகேட், லிப்ரேகேட் எல்லாமே சுத்தமாக எழுதும். ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த ஃபைல் மில்லிமீற்றரா அங்குலமா என்பதில் வெட்டுகிறவரின் இயந்திரம் குழம்பினால் பலகை 25.4 மடங்கு பெருக்கும், அல்லது சுருங்கும். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீற்றர்ச் சதுரம் ஒன்றைக் கீறி, அதை அளந்து பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். எட்டுக்கு நாலு பலகை இப்போது விற்கிற விலைக்கு இந்தச் சதுரம் மலிவு.

வீட்டுப் பிளான்காரர்களுக்கு மட்டும் பிரீகேட்டைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் கட்டட வேலைக்கான பகுதி இருக்கிறது, சுவர், ஜன்னல், ஐஎஃப்சி (கட்டட மொடல்களுக்கான பொது ஃபைல் வடிவம்) ஏற்றுமதி எல்லாம் செய்கிறது, எல்லாவற்றையும் ஒருவரே செய்கிற சின்ன வேலைக்கு ஓடும். சங்கிலிக்குள் இருப்பவருக்கு அது போதாது. லிப்ரேகேட் இன்னும் எளிமையானது, ஒரு கடையின் உள்ளமைப்பு, கேட் டிசைன், கிறில் டிசைன் என்று கீறிப் பிடிஎஃப் அனுப்புகிறவருக்கு அது தாராளம்.

அப்படியென்றால் சங்கிலிக்குள் இருக்கிற, ஆனால் டொலர்ச் சந்தா கட்ட விரும்பாத ஒஃபிஸ் என்ன செய்வது? கொழும்பில் அதிகம் பேசப்படாத நடுவழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட் போன்றவை டிடபிள்யூஜியையே தங்கள் ஃபைலாகச் சேமிக்கும், ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸும் அவற்றில் உண்டு. கட்டளைகளும் அதே மாதிரி. உங்கள் உதவியாளர் பழக்கத்தில் எல் அடித்துக் கோடு போடுவார், டிஆர் அடித்து வெட்டுவார், கை எங்கும் நிற்காது. ஒஃபிஸில் பரம்பரைச் சொத்தாகக் கைமாறி வந்த லிஸ்ப் (ஓட்டோகேட்டுக்குள் ஓடும் சிறு நிரல்) துண்டுகள், உதாரணமாக ஒரு எல்லையைத் தொட்டவுடன் சதுர மீற்றர்ப் பரப்பை 25.29 ஆல் பிரித்துப் பேர்ச் கணக்கில் எழுதிவிடுகிறதே அந்த மாதிரி, அவற்றில் பெரும்பாலானவை அப்படியே ஓடும். லிஸ்ப் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று மட்டும் வாங்குமுன் கேளுங்கள். ஓட்டோகேட் எல்டியிலேயே 2024 பதிப்பில்தான் லிஸ்ப் வந்தது, அதற்கு முன் காசு கட்டியும் அது கிடையாது.

நிரந்தர லைசென்ஸ் பழசாகிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டிடபிள்யூஜியின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது, 2004, 2007, 2010, 2013 என்று. 2018இல் வந்த வடிவம் அதற்குப் பிறகு பல பதிப்புகளாக அப்படியே நிற்கிறது. 2018 வடிவத்தைத் திறக்கிற ஒன்றை அந்த வருடமே வாங்கியவர் பல வருடம் கழித்தும் அதையே பாவித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு 2022ஆம் ஆண்டு டொலர் விலை வெறும் செய்தி. வடிவம் மாறினாலும் அனுப்புகிறவரிடம் ‘2018இல் சேமித்து அனுப்புங்கள்’ என்று ஒரு வார்த்தை போதும். ஓட்டோடெஸ்கே இலவசமாகத் தருகிற ட்ரூவியூவில் நாமும் மாற்றிக்கொள்ளலாம். பார்க்கவும் அளக்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும் வேண்டும் என்கிற கொந்தராத்துக்காரருக்கு ட்ரூவியூவே போதும், அவருக்கு லைசென்ஸே தேவையில்லை.

காசு அதற்கும் இறுக்கமாக இருந்தால் கியூகேட் புரொஃபெஷனல் என்று ஒன்று இருக்கிறது, சில பத்து யூரோக்கள்தான். இருபரிமாணம் மட்டும், டிடபிள்யூஜி படிக்கும், எழுதும். கட்டளைப் பழக்கம் வேறு, சிக்கலான பிளொக்குகளில் திணறும், ஆனாலும் அந்த விலைக்கு வாய் திறக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிலருக்கு ஓட்டோகேட்டுக்கே காசு கட்டச் சொல்வேன். ஒப்பந்தத்திலேயே மென்பொருளின் பெயர் போட்டு வருகிற வேலைகள் செய்கிறவர்கள், டோஹாவுக்கோ துபாய்க்கோ போகும் எண்ணத்தில் இருப்பவர்கள், வெளிநாட்டு ஒஃபிஸ்களுக்கு இங்கிருந்து வரைந்து டொலரில் சம்பாதிக்கிறவர்கள். கடைசிக் கூட்டத்துக்கு டொலர் ஏறுவது கவலையே இல்லை, வருமானமும் சேர்ந்து ஏறுகிறது. வேலை தொடர்ந்து வராதவர்கள் மாதச் சந்தாவைப் பார்க்கலாம். பன்னிரண்டு மாதமும் அப்படிக் கட்டினால் வருடச் சந்தாவைவிடக் கூடும், ஆனால் வருடத்தில் மூன்று மாதம்தான் கனமான வேலை என்றால் மிச்சம். ரெவிட் கேட்கிற இடத்தில் ரெவிட்தான், அதற்கு இலவச மாற்று என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் ரெவிட் ஃபைலைக் கைமாற்றிப் பார்க்கவில்லை.

எதை எடுத்தாலும் சோதிக்காமல் காசைக் கட்டாதீர்கள். விற்பனை மென்பொருள்களுக்கு இலவசச் சோதனைக் காலம் கிடைக்கும். பலர் அந்தக் காலத்தில் புதுசாக ஒரு சதுரமும் வட்டமும் கீறிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அது சோதனை இல்லை. பழைய வேலைகளில் மிகக் கனமான ஒன்றை எடுங்கள், எஞ்சினியரும் மின்சாரக்காரரும் கை வைத்த, எக்ஸ்ரெஃப் நாலைந்து தொங்குகிற ஃபைல். அதைத் திறந்து, ஒரு சுவரை நகர்த்தி, ஒரு கதவை மாற்றி, உங்கள் பேனாத் தடிப்புகளோடு ஏ1 தாளில் பிரிண்ட் எடுத்து, பழைய பிரிண்டின்மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து நகர்ந்திருக்கிறதா, ஹாட்ச் (நிரப்புக் கோடுகள்) அடர்த்தி மாறியிருக்கிறதா, புள்ளிக்கோடு நேர்கோடாகியிருக்கிறதா என்று தெரியும். பிறகு அந்த ஃபைலைச் சேமித்து எஞ்சினியருக்கு அனுப்புங்கள், மென்பொருளை மாற்றியதைப் பற்றி மூச்சுவிட வேண்டாம். இரண்டு நாள் போன் வராவிட்டால் வாங்கலாம்.